போருக்குப் போகமாட்டோம்னு எழுதிக்கொடுத்த சபையில போர் வீரர் எப்படி பாஸ்டர் ஆனார்?

அமெரிக்காவுல வயசான பெந்தெகொஸ்தே பாஸ்டர் ஒருத்தர் காலமானா வர்ற செய்தி அனேகமா ஒரே அச்சுல தான் இருக்கும். கொரியாவுலயோ வியட்நாம்லயோ இருந்தார், திரும்பி வந்து இரட்சிக்கப்பட்டார், பைபிள் காலேஜ் போனார், நாப்பது அம்பது வருஷம் சபை நடத்தினார், அடக்கத்துல ராணுவ மரியாதை, பெட்டி மேல தேசியக் கொடி. இதைப் படிக்கிறவங்களுக்கு ரெண்டு குழப்பம் வருது. துப்பாக்கி தூக்கினவர் எப்படி ஊழியக்காரர் ஆனார்ங்கறது ஒண்ணு. பெந்தெகொஸ்தே சபைகள் ஒரு காலத்துல போரே வேணாம்னு சொன்னவங்க ஆச்சே, அப்புறம் இதுங்கறது இன்னொண்ணு. ரெண்டாவது கேள்விக்கு பதில் தெரிஞ்சா முதல் கேள்வி தானாவே தெளிவாயிடும், ஆனா அதுக்கு முன்னாடி சில அடிப்படை விஷயங்களைப் பார்த்துடலாம்.

"வார் வெட்டரன்"னா சண்டை போட்டவர்னு அர்த்தம் இல்ல

அமெரிக்காவுல ராணுவத்துல வேலை செஞ்சு முறைப்படி வெளிய வந்தவர் எல்லாருமே வெட்டரன். அதுல "போர்க்கால வெட்டரன்"ங்கறது ஒரு தேதிக் கணக்கு. முன்னாள் படைவீரர் துறை, சுருக்கமா வி.ஏ., ஒவ்வொரு போருக்கும் இந்த நாள்ல இருந்து இந்த நாள் வரைன்னு சட்டப்படி ஒரு காலம் வச்சிருக்கு.

1. ரெண்டாம் உலகப்போர்: 1941 டிசம்பர் 7 முதல் 1946 டிசம்பர் 31 வரை.
2. கொரியா: 1950 ஜூன் 27 முதல் 1955 ஜனவரி 31 வரை. சண்டை நிறுத்தம் 1953 ஜூலைலயே வந்துடுச்சு, ஆனா சட்டத்துக்கு போர்க்காலம் 1955 வரை.
3. வியட்நாம்: பொதுவா 1964 ஆகஸ்ட் 5 முதல் 1975 மே 7 வரை. அந்த நாட்டு மண்ணுல இருந்தவங்களுக்கு மட்டும் இன்னும் முன்னாடி இருந்தே கணக்கு.

அதனால 1954ல ஜெர்மனியில ஒரு ராணுவ முகாம்ல டைப் அடிச்சவரும் கொரியா போர்க்கால வெட்டரன் தான், உறைபனியில மலை மேல சண்டை போட்டவரும் அதே தான். வித்தியாசம் வேணும்னா பதக்கத்தைப் பார்க்கணும். பர்ப்பிள் ஹார்ட்னா எதிரியால காயம் பட்டவர், காம்பேட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ்னா காலாட்படையில நேரடியா சண்டையில இருந்தவர். நேஷனல் டிஃபென்ஸ் சர்வீஸ் மெடல்னா, கொரியா போர்ல இருந்து அந்தந்த போர்க்காலத்துல யூனிஃபார்ம்ல இருந்த கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொடுக்கறது. இரங்கல் குறிப்பு எழுதற குடும்பத்துக்கு இந்த நுணுக்கம் எல்லாம் பெருசா தெரியாது, தெரிஞ்சாலும் அந்த நேரத்துல யார் பார்ப்பாங்க.

இன்னொரு குழப்பம் சேப்ளின். ராணுவத்துலயே போதகரா இருக்கறவர் தான் சேப்ளின். அதுக்கு டிகிரி, அதுக்கு மேல இறையியல் படிப்பு, சபைத் தலைமையோட ஒப்புதல் எல்லாம் வேணும். அந்தக் காலத்து பெந்தெகொஸ்தே ஊழியர்கள்ல பெரும்பாலானவங்ககிட்ட அவ்வளவு படிப்பு கிடையாது. அதனால செய்தியில வர்ற "பாஸ்டர், வெட்டரன்" பொதுவா சேப்ளின் கிடையாது, சாதாரண சிப்பாயா போய்ட்டு வந்தவர்.

சபை எங்க இருந்து வந்துச்சு

1901 ஜனவரி 1ஆம் தேதி கான்சாஸ் மாநிலம் டொபீகாவுல சார்ல்ஸ் பார்ஹாம் நடத்தின சின்ன பைபிள் ஸ்கூல்ல ஆக்னஸ் ஓஸ்மன்ங்கற மாணவி அந்நியபாஷை, அதாவது கத்துக்காத பாஷை, பேசினாங்கன்னு சொல்றாங்க. அந்நியபாஷை தான் பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அடையாளம்ங்கற உபதேசம் அங்க ஆரம்பிச்சது. 1906ல லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருவுல வில்லியம் சீமோர்ங்கற கறுப்பினப் போதகர் நடத்தின கூட்டங்கள்ல இருந்து அது உலகம் முழுக்க பரவுச்சு. 1914 ஏப்ரல்ல ஆர்கன்ஸா மாநிலம் ஹாட் ஸ்பிரிங்ஸ்ல சுமார் 300 பேர் கூடி அசெம்பிளிஸ் ஆஃப் காட் அமைப்பை உருவாக்கினாங்க. வேற பெரிய அமைப்புகளும் உண்டு: சார்ல்ஸ் மேசன் தலைமையில வளர்ந்த கறுப்பின மக்களோட சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட், டென்னசி மாநிலம் கிளீவ்லாந்தை மையமா வச்ச சர்ச் ஆஃப் காட்.

வந்தவங்க பெரும்பாலும் ஏழைகள், கூலி விவசாயிகள், ஆலைத் தொழிலாளிகள். இயேசுவோட ரெண்டாம் வருகை இன்னைக்கோ நாளைக்கோன்னு நம்பினவங்க. நம்ம குடியுரிமை பரலோகத்துல இருக்கு, தேசங்களோட சண்டையில நமக்கு என்ன வேலைன்னு தான் அவங்க பேச்சு. பார்ஹாமும் போரை எதிர்த்தவர் தான்.

1917ல என்ன ஆச்சு

1917 ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்கா முதல் உலகப்போர்ல இறங்குச்சு. கட்டாய ராணுவ சேவைக்கான சட்டம் வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஏப்ரல் 28ஆம் தேதி அசெம்பிளிஸ் ஆஃப் காட் தலைமை ஒரு தீர்மானம் போட்டுச்சு: நாங்க நாட்டுக்கு விசுவாசமா இருப்போம், ஆனா மனுஷ உயிரை அழிக்கற போர்லயும் ஆயுதம் ஏந்தற எதிர்ப்புலயும் மனசாட்சிப்படி பங்கெடுக்க முடியாது.

ஏன் இவ்வளவு அவசரம்? மே 18ல வந்த சட்டம், போரைத் தடை செய்யற கொள்கை ஏற்கனவே இருக்கற, நல்லா அறியப்பட்ட மத அமைப்புகளைச் சேர்ந்தவங்களுக்கு மட்டும் தான் சண்டையில இருந்து விலக்கு கொடுத்துச்சு, அவங்களும் ஆயுதம் இல்லாத பணி செய்யணும். குவேக்கர், மென்னனைட் மாதிரி போரை மறுக்கறதுல நூத்துக்கணக்கான வருஷப் பாரம்பரியம் இருந்த சபைக்காரங்களுக்கு பிரச்சனை இல்ல. மூணு வயசு சபைக்கு எங்க போறது, எழுதி வச்சா தானே காட்ட முடியும். அதனால இந்தத் தீர்மானத்தை வெறும் ஆன்மிக அறிக்கையா மட்டும் படிக்கக்கூடாதுன்னு தான் தோணுது, அது பசங்களைக் காப்பாத்தற ஒரு சட்டப் பேப்பரும் கூட.

இந்தப் பேப்பருக்குப் பின்னாடி எல்லா ஊழியரும் ஒரே மாதிரி நிக்கல. அசூசா தெருவை நேர்ல பார்த்து எழுதின ஃப்ராங்க் பார்டில்மன் போரைக் கடுமையா திட்டினார், அமைப்போட தலைவர்கள் அரசாங்கத்தோட மோத விரும்பல. 1917ல உளவுத் தடுப்புச் சட்டம், 1918ல தேசத்துரோகப் பேச்சுக்கான சட்டம், ரெண்டும் வந்தப்புறம் போர் எதிர்ப்புப் பிரசுரம் கையில வச்சிருக்கறதே ஆபத்து. சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் தலைவர் மேசனை 1918ல மிசிசிப்பி மாநிலம் லெக்சிங்டன்ல கட்டாய சேவையைத் தடுக்கறார்னு சொல்லி பிடிச்சாங்க, மத்திய புலனாய்வுத் துறை அவர் பின்னாடியே சுத்துச்சு, கடைசியில வழக்கு நிக்கல. வெள்ளைக்கார சபைத் தலைவர்களுக்கு இந்த அளவு தொல்லை இல்லைங்கறதையும் சேர்த்தே பார்க்கணும்.

இங்க அடிக்கடி நடக்கற ஒரு தப்பு. முதல் உலகப்போர் ஹீரோ ஆல்வின் யார்க்கை பெந்தெகொஸ்தேன்னு சிலர் எழுதறாங்க. அவர் சபை பரிசுத்த இயக்கத்தைச் சேர்ந்தது, பெந்தெகொஸ்தேக்கு சொந்தக்காரங்க மாதிரி, ஆனா அதே சபை இல்ல. அவரும் முதல்ல விலக்கு கேட்டார், கிடைக்கல.

அந்த நிலைப்பாடு கரைஞ்ச விதம்

1917 தீர்மானம் உடனே ரத்து ஆகல. புத்தகத்துல அப்படியே இருந்துச்சு, ஆட்கள் மட்டும் நகர்ந்துட்டாங்க.

1. 1940ல வந்த புது கட்டாய சேவைச் சட்டத்துல சபையோட கொள்கைப் பேப்பர் தேவை இல்ல, தனி ஆளோட மதப் பயிற்சியும் நம்பிக்கையும் போதும்னு ஆச்சு. இது நல்லதுதான், ஆனா ஒரு பின்விளைவும் இருந்துச்சு. போருக்குப் போறதா வேணாமாங்கறது சபையோட முடிவா இருந்தது தனி மனுஷன் முடிவா மாறிடுச்சு.

2. பேர்ல் ஹார்பர், ஜப்பான் தாக்கின அமெரிக்கக் கடற்படைத் தளம். 1941 டிசம்பர் 7ல நடந்த அந்தத் தாக்குதலுக்கு அப்புறம் சுமார் 1 கோடியே 60 லட்சம் அமெரிக்கர்கள் யூனிஃபார்ம் போட்டாங்க. பக்கத்து வீட்டுப் பையன், மில்லுல கூட வேலை செய்யறவன், எல்லாரும் போறப்ப இவங்க வீட்டுப் பையன் மட்டும் போகாம இருக்கறது ரொம்ப கஷ்டம். பெந்தெகொஸ்தே இளைஞர்கள்ல மிகப் பெரும்பான்மை போனாங்க. சிலர் மட்டும் 1-ஏ-ஓ வகை கேட்டாங்க, அதாவது ராணுவத்துல சேருவேன், துப்பாக்கி எடுக்கமாட்டேன். அவங்கள்ல நிறைய பேருக்கு கிடைச்சது முதலுதவி, ஆம்புலன்ஸ், மருத்துவமனை வேலை.

3. சபையே படைக்குள்ள வந்துச்சு. 1941ல அசெம்பிளிஸ் ஆஃப் காட்டோட முதல் சேப்ளின் பணியில சேர்ந்தார். வீரர்களுக்குன்னே பத்திரிகை போச்சு, சபைகள்ல வீரர்கள் பேரை வாசிச்சு ஜெபம் நடந்துச்சு. ஜெபிக்க ஆரம்பிச்ச பிறகு அவங்க செய்யறது தப்புன்னு பிரசங்கம் பண்ண யாருக்கு மனசு வரும்?

4. மரியாதை. ஊரு சிரிச்ச சபையா இருந்தது, 1942ல செயின்ட் லூயிஸ்ல உருவான தேசிய சுவிசேஷ சபைகள் சங்கத்துல சீக்கிரமே உறுப்பினர் ஆச்சு. மத்த சுவிசேஷ சபைகளோட உக்கார ஆரம்பிச்சதும் அவங்க தேசபக்தியும் கூடவே வந்துச்சு.

5. போர் முடிஞ்சு 1947ல இந்த விதியை மாத்தலாமான்னு பேசினாங்க, இதைவிட நல்லா எழுத முடியலைன்னு அப்படியே விட்டாங்க. 1967ல தான் மாத்தினாங்க: ஆயுதம் எடுக்கறவரா, ஆயுதம் இல்லாத பணியா, மனசாட்சி மறுப்பாளரா, எதுவானாலும் ஒவ்வொரு உறுப்பினரும் தானே முடிவு பண்ற உரிமை உண்டு. அதுவும் வியட்நாம் போர் உச்சத்துல.

என் கணிப்புல 1967 ஒரு கொள்கை மாற்றமே இல்ல, நடந்து முடிஞ்சதைப் பதிவு பண்ணினது. ஏன்னா அதுக்குள்ள மேடையில நின்னு பிரசங்கம் பண்ணிட்டு இருந்தவங்கள்ல ஒரு பெரிய கூட்டமே பழைய சிப்பாய்கள். அவங்க எப்படி மேடைக்கு வந்தாங்கங்கறது தான் இந்தக் கதையோட முக்கியமான பாதி.

போர் முதல்ல, ஊழியம் அப்புறம்

கட்டாய சேவைச் சட்டங்கள் எல்லாத்துலயும் ஒரு விஷயம் பொது: போதகர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் விலக்கு உண்டு, 1940க்கு அப்புறம் அந்த வகைக்கு 4-டினு பேரு. அதாவது ஏற்கனவே பாஸ்டரா இருந்தவரை சிப்பாயா பிடிச்சுட்டு போகமாட்டாங்க. அதனால "பாஸ்டர், வெட்டரன்"னு படிச்சா, 1973ல கட்டாய சேவை நிக்கறதுக்கு முந்தின தலைமுறைக்கு, வரிசை பெரும்பாலும் ஒண்ணு தான்: 18, 20 வயசுல ராணுவம், திரும்பி வந்து இரட்சிப்பு அல்லது ஊழிய அழைப்பு, அப்புறம் சபை.

சிலருக்கு அழைப்பு போர்க்களத்துலயே வந்துச்சு. என்னை உயிரோட வெளிய கொண்டு வந்தா உனக்கு ஊழியம் செய்வேன்னு பதுங்குகுழியில பண்ணின பொருத்தனை சாட்சிகள்ல அடிக்கடி வர்ற விஷயம். பெந்தெகொஸ்தே ஆராதனையில சாட்சி சொல்றதுக்கு பெரிய இடம் உண்டு, எழுந்து நின்னு தன் வாழ்க்கையில தேவன் செஞ்சதைச் சொல்லணும். போர்ல தப்பிச்சவர்கிட்ட அதுக்கு சரக்கு நிறைய இருந்துச்சு. டேவ் ரோவர் நல்ல உதாரணம், பெந்தெகொஸ்தே போதகர் வீட்டுப் பையன், வியட்நாம்ல நதிப் படகுல கன்னரா இருந்தப்ப 1969ல பாஸ்பரஸ் குண்டு கையிலயே வெடிச்சு முகமும் உடம்பும் கருகிப் போச்சு. பிழைச்சு வந்து சுவிசேஷகரா நாடு முழுக்க பேசினார்.

ஆனா எல்லாரும் பேசல. நிறைய பேர் அந்த வருஷங்களைப் பத்தி வாயே திறக்கல. பி.டி.எஸ்.டி.ங்கற மனநலப் பாதிப்பு அமெரிக்க மனநல மருத்துவர்களோட அதிகாரப்பூர்வ பட்டியல்ல வந்ததே 1980ல. அதுக்கு முன்னாடி கெட்ட கனவு வந்தா ஜெபம் பண்ணு, விசுவாசமா இருன்னு தான் பதில். தெய்வீக சுகம், அதாவது ஜெபத்தால நோய் குணமாகும்ங்கறது, அசெம்பிளிஸ் ஆஃப் காட்டோட நாலு மூல உபதேசத்துல ஒண்ணு, மத்த மூணு இரட்சிப்பு, ஆவியின் அபிஷேகம், ரெண்டாம் வருகை. காலுக்குள்ள குண்டுச் சிதறலை வச்சுகிட்டே வியாதியஸ்தர் மேல கை வச்சு ஜெபிச்ச பாஸ்டருக்கு உள்ளுக்குள்ள என்ன கேள்வி ஓடியிருக்கும்னு எந்த இரங்கல் குறிப்பும் எழுதாது. மருந்து எடுக்கக்கூடாதுன்னு அந்த அமைப்பு சொல்லல, வி.ஏ. ஆஸ்பத்திரிக்கு போறது தடை இல்ல, அவ்வளவுதான் பதிவுல இருக்கறது.

ஜி.ஐ. பில்: ஊழியத்துக்கு அரசாங்கப் பணம்

1944 ஜூன் 22ல கையெழுத்தான சட்டம் தான் ஜி.ஐ. பில். குறைஞ்சது 90 நாள் சேவை செஞ்சு நல்லபடியா வெளிய வந்தவருக்கு வருஷத்துக்கு 500 டாலர் வரை படிப்புச் செலவு, ஆரம்பத்துல கல்யாணம் ஆகாதவருக்கு மாசம் 50 டாலர் கைச்செலவு, சேவைக் காலத்தைப் பொறுத்து 48 மாசம் வரைக்கும். 1956ல முடியறதுக்குள்ள சுமார் 78 லட்சம் பேர் படிப்போ தொழிற்பயிற்சியோ எடுத்தாங்க, அதுல 22 லட்சம் பேர் காலேஜ். கொரியா வீரர்களுக்கு 1952லயும் வியட்நாம் காலத்தவங்களுக்கு 1966லயும் தனித்தனி சட்டம் வந்துச்சு.

இதுல சபைக்கு என்ன சம்பந்தம்னா, அங்கீகாரம் வாங்கின பைபிள் காலேஜ்லயும் இந்தப் பணம் செல்லும். அதுவரைக்கும் பெந்தெகொஸ்தே ஊழியர்ங்கறவர் நேரா வயல்ல இருந்தோ ஆலையில இருந்தோ பிரசங்க மேடைக்கு வந்தவர், ரெண்டு மூணு வருஷம் உக்காந்து படிக்க குடும்பத்துக்கு வசதி கிடையாது. இப்ப ஏழை வீட்டுப் பையன் மனைவி குழந்தையோட போய் படிக்க முடிஞ்சது. மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுல 1955ல அசெம்பிளிஸ் ஆஃப் காட் இவாஞ்சல் காலேஜை ஆரம்பிச்ச இடமே போர்க்காலத்துல ஓரெய்லி ராணுவ ஆஸ்பத்திரியா இருந்த இடம். காயம்பட்ட சிப்பாய்கள் படுத்திருந்த கட்டடத்துல வகுப்பு நடந்துச்சு.

போருக்கு வரமாட்டோம்னு எழுதி வச்ச அமைப்புக்கு, போர் முடிஞ்சு வந்த பணத்துல தான் படிச்ச ஊழியர் தலைமுறை கிடைச்சுது. இதை யாரும் திட்டம் போட்டு செய்யல.

கறுப்பின வீரர்கள் கதை வேற. சட்டத்துல நிறம் இல்ல, ஆனா அமல்படுத்தினது உள்ளூர் ஆபீஸும் உள்ளூர் பேங்கும். தெற்குல இனப்பிரிவினை இருந்த காலேஜ்கள்ல கறுப்பினத்தவருக்கு இடம் ரொம்ப குறைவு. ராணுவத்துலயே பிரிவினையை நீக்கச் சொல்லி ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டது 1948 ஜூலை 26ல தான். அதனால சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் பாஸ்டர் ஒருத்தரோட வாழ்க்கையில "ராணுவத்துல இருந்து நேரா பைபிள் காலேஜ்"ங்கற வரியை எதிர்பார்த்து படிச்சா ஏமாற்றம் தான். அங்க மூத்த பாஸ்டர் கீழ வருஷக்கணக்கா இருந்து பழகறது தான் படிப்பு.

"அம்பது வருஷ ஊழியம்"னா நடைமுறையில என்ன

1. அசெம்பிளிஸ் ஆஃப் காட்ல ஊழியருக்கு மூணு படி: சர்டிஃபைடு, லைசென்ஸ்டு, ஆர்டெய்ண்டு. கடைசிப் படி தான் முழு அபிஷேகப் பிரதிஷ்டை. மத்த அமைப்புகள்ல படியோட பேர் வேற.

2. பெரும்பாலும் ஒரே சபையில அம்பது வருஷம் இல்ல. புதுசா சபை ஆரம்பிக்கறது, அஞ்சு ஆறு வருஷத்துல அடுத்த ஊர், நடுவுல சுவிசேஷக் கூட்டங்கள். கடைசியா ஒரு ஊர்ல நிலைச்சுருப்பார், செய்தியில அந்த ஊர் பேர் தான் வரும்.

3. சின்ன சபையோட தசமபாகத்துல குடும்பம் ஓடாது. அதனால பகல்ல தச்சு வேலை, ஸ்கூல் பஸ் ஓட்டறது, தபால் ஆபீஸ். அரசு வேலைத் தேர்வுல வெட்டரனுக்கு கூடுதல் மதிப்பெண் உண்டுங்கறதால கடைசி வேலை நிறைய பேருக்கு கிடைச்சுது.

4. ஓய்வுக்காலம் தான் சிக்கல். ஊழிய வருமானத்துக்கு சோஷியல் செக்யூரிட்டி, அதாவது வரி கட்டி சேர்ற அரசாங்க ஓய்வூதியத் திட்டம், 1955ல விருப்பப்பட்டா சேரலாம்னு வந்துச்சு, 1968ல இருந்து எல்லாரும் உள்ள, மத காரணத்துக்காக எதிர்க்கறவர் மட்டும் எழுதிக் கொடுத்துட்டு வெளிய போகலாம். அந்த வரி கையைக் கடிக்கும்ங்கறதால வெளிய போனவங்களும் உண்டு, அறுபத்தஞ்சு வயசுல அதோட விலை தெரியும். அங்க தான் ராணுவ சேவை கைகொடுக்குது: சேவையில வந்த காயத்துக்கோ வியாதிக்கோ வி.ஏ. இழப்பீடு, தகுதி இருந்தா வி.ஏ. ஆஸ்பத்திரி, போர்க்காலத்துல இருந்து இப்ப வருமானம் குறைவா இருந்தா தனியா ஒரு ஓய்வூதியம். இளவயசுல ரெண்டு வருஷம் போட்ட யூனிஃபார்ம் பல பாஸ்டர்களோட முதுமையைத் தாங்குச்சு.

அடக்கத்துல நடக்கறது

ரெண்டு சடங்கு ஒண்ணா நடக்கும். சபையில பாட்டும் பிரசங்கமும், சிலசமயம் பீட அழைப்பு கூட, அதாவது அடக்க ஆராதனையிலயே இரட்சிக்கப்பட வாங்கன்னு கூப்பிடுவாங்க. கல்லறையில ராணுவம். 2000ல இருந்து சட்டப்படி, குடும்பம் கேட்டா, தகுதி உள்ள வெட்டரனுக்கு குறைஞ்சது ரெண்டு சீருடை வீரர்கள் வரணும், ஒருத்தராவது அவர் இருந்த படையை (தரைப்படை, கடற்படை மாதிரி) சேர்ந்தவரா இருக்கணும். கொடியை முக்கோணமா மடிச்சு குடும்பத்துக்கு கொடுக்கறதும், "டாப்ஸ்"ங்கற ஊதுகுழல் இசையும் கட்டாயம். துப்பாக்கியில மூணு முறை சுடறது கட்டாயம் இல்ல, ஆள் கிடைச்சா நடக்கும், பல ஊர்ல பழைய வீரர்கள் சங்கம் தான் அதைச் செய்யுது. கல்லறைக் கல்லும் அரசாங்கம் கொடுக்கும், மேல சிலுவை மாதிரி மதச் சின்னமும் கேட்டு வாங்கலாம்.

இதுக்கெல்லாம் தேவை டி.டி.-214 அல்லது அதுக்குச் சமமான விடுவிப்புச் சான்று. அது வீட்டுல இல்லைன்னா செயின்ட் லூயிஸ்ல இருக்கற தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதணும். அங்க 1973 ஜூலை 12ல தீப்பிடிச்சு 1 கோடியே 60 லட்சத்துல இருந்து 1 கோடியே 80 லட்சம் வரை கோப்புகள் போச்சு. 1912 நவம்பர்ல இருந்து 1960 ஜனவரி 1 வரைக்கும் தரைப்படையில இருந்து வெளிய வந்தவங்களோட கோப்புகள்ல 80 சதவீதம் அழிஞ்சுது, நகல் எதுவும் இல்ல. விமானப்படையிலயும் ஒரு காலத்துக்கு, அகரவரிசையில ஹப்பர்ட்ங்கற பேருக்கு அப்புறம் வர்றவங்களோட கோப்புகள்ல 75 சதவீதம் போச்சு. ரெண்டாம் உலகப்போர், கொரியா பாஸ்டர்கள் அனேகம் பேர் இந்த வரம்புக்குள்ள தான் வர்றாங்க. அதனால எந்த யூனிட், எந்த ஊர், எந்த மாசம்னு செய்தியில இல்லைன்னா உடனே சந்தேகப்பட வேணாம். சம்பள ரெக்கார்டு, மாநில அரசு கிட்ட இருக்கற நகல், வி.ஏ. கோப்பு இதையெல்லாம் வச்சு மையத்துல சேவைச் சான்று தயார் பண்ணித் தர்றாங்க, கொடிக்கும் கல்லுக்கும் அது போதும்.